மாணவர் இதழ் வடிவமைப்பு: நடைமுறை இதழ்களின் மரபுகளும் மொழித் தெரிவும்

0. முன்னுரை

மாணவர் தாமே எழுதித் தாமே இதழ் நடத்துவது தமிழுக்குப் புதிதன்று. அச்சகம் எட்டாத இடங்களில் கையெழுத்து இதழ்கள் அப்பணியைச் செய்துவந்தன. 1940களின் தொடக்கத்தில் திருவாரூரில் மாணவராக இருந்த மு. கருணாநிதி ‘மாணவ நேசன்’ என்னும் கையெழுத்து இதழை நடத்தினார். 1942இல் அவர் தொடங்கிய ‘முரசொலி’ முதலில் துண்டு வெளியீடாகவே வந்தது. பிரான்சில் செலஸ்தேன் ஃப்ரெனே என்னும் பள்ளி ஆசிரியர் 1920களில் வகுப்பறைக்குள் அச்சுப்பொறியைக் கொண்டுவந்து, மாணவர் எழுதியதை மாணவரே அச்சுக்கோக்கச் செய்தார். அவ்வெழுத்துகள் பிற பள்ளி மாணவர்களுக்கும் அனுப்பப்பட்டன. இடத்தாலும் நோக்கத்தாலும் வேறுபட்ட இம்முயற்சிகளுக்குப் பொதுவானது ஒன்றுண்டு. எழுதியதைத் திருத்தி மதிப்பெண் இடும் ஆசிரியருக்கு அப்பால், அதனைப் படிப்பதற்கென்றே படிக்கும் ஒருவர் இருந்தார்.

இன்றைய பள்ளி ஆண்டு மலர்கள் பலவற்றில் இந்த வாசகரைக் காண்பது அரிது. ஆசியுரையும் வாழ்த்துரையும் குழுப் படங்களும் முன்பக்கங்களை நிறைக்கின்றன. மாணவர் ஆக்கங்கள் பின்னால் வருகின்றன. அவற்றுள்ளும் பிற நூல்களிலிருந்து எடுத்தெழுதியவை கலந்துவிடுகின்றன. இதழின் வடிவம் இருக்கிறது. இதழின் பணி நிகழ்வதில்லை. நடைமுறையில் உள்ள நாளிதழ், வார இதழ், சிற்றிதழ் ஆகியவற்றின் மரபுகளை ஆராய்ந்து, கொள்வன கொண்டு, தள்ளுவன தள்ளி ஒரு மாணவர் இதழை அமைக்கும் முறையை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. தமிழ் இலக்கணத்தோடு பிணைந்த மரபுகளே இங்குச் சிறப்பாகக் கருதப்படுகின்றன. ஆங்கில இதழ்களைப் பார்த்து எழுதப்படும் வழிகாட்டிகளைத் தமிழாக்குவோர் இடறும் இடங்களும் அவையே.

1. மரபு: வடிவமும் பணியும்

ஓர் எழுத்து வகையை அடையாளம் காண்பதற்கு அதன் கருத்துப்புலப்படுத்த நோக்கமே முதன்மையானது என்று ஜான் ஸ்வேல்ஸ் 1990இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். இதனை இதழுக்குப் பொருத்தினால், ஒவ்வோர் இதழ் மரபுக்கும் வடிவம், பணி என இரு கூறுகள் உண்டு என்பது பெறப்படும். பணி மாறியபின்னும் வடிவம் நிலைத்திருப்பதுண்டு.

‘துணுக்கு’ இதற்கு நல்ல சான்று. ஈய எழுத்துகளால் அச்சுக்கோத்த காலத்தில், கட்டுரை முடிந்தபின் பத்தியின் அடியில் எஞ்சும் வெற்றிடத்தை நிரப்பச் சிறு செய்தி ஒன்று கைவசம் இருப்பது அச்சகத்திற்கு உதவியது. கணினியில் எழுத்தளவையும் வரி இடைவெளியையும் மாற்றி அவ்விடத்தைச் சரிசெய்துவிடலாம். எனினும் துணுக்கு மறையவில்லை. நீண்ட கட்டுரைகளுக்கிடையே வாசகர் இளைப்பாறும் இடமாக அது வேறொரு பணியை ஏற்றுக்கொண்டது. மாணவர் இதழில் துணுக்கு வேண்டுமா என்னும் வினாவுக்கு, ‘எல்லா இதழிலும் இருக்கிறது’ என்பது விடையாகாது. ‘இந்தப் பக்கத்தில் வாசகருக்கு இளைப்பாறல் வேண்டும்’ என்பது விடையாகலாம்.

‘மலர்’, ‘இதழ்’ என்னும் எண்முறையும் இத்தகையதே. ஓராண்டுத் தொகுதியை மலர் என்றும் அதன் தனி வெளியீட்டை இதழ் என்றும் வழங்குவது தமிழ் இதழ்களின் மரபு. பூவும் அதன் இதழும் என்னும் முழுமை–உறுப்பு உறவு இங்குக் கால ஒழுங்காக உருவகம் பெற்றுள்ளது. முதல் வெளியீட்டின்மேல் ‘மலர் 1 இதழ் 1’ என்று மாணவர் எழுதும்போது, இரண்டாம் இதழ் வரும் என்ற வாக்குறுதியையும் உடன் எழுதுகின்றனர். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வரும் வெளியீட்டிற்கு அவ்வெண் பொருந்தாது.

2. பக்கமும் திட்டமும்

வடிவமைப்பு தாளின் மடிப்பிலிருந்து தொடங்குகிறது. நடுவில் மடித்துக் கம்பித் தையல் இடும் இதழில் ஒவ்வொரு தாளும் நான்கு பக்கங்களைத் தரும். எனவே பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காகவே அமையும். 16 பக்க இதழுக்கு நான்கு தாள் வேண்டும். வெளித்தாளில் 1, 2, 15, 16 ஆகிய பக்கங்களும், உள்தாளில் 7, 8, 9, 10 ஆகிய பக்கங்களும் இடம்பெறும். ஒரே புறத்தில் வரும் இரு பக்க எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் 17 ஆகும்.

இக்கணக்கிலிருந்து இரண்டு பயன்கள் கிடைக்கின்றன. வெளித்தாளின் ஒரு புறத்தை மட்டும் வண்ணத்தில் அச்சிட்டால் முன்னட்டையும் பின்னட்டையும் வண்ணம் பெறும். 8, 9ஆம் பக்கங்கள் ஒரே தாளின் ஒரே புறத்தில் அடுத்தடுத்து அமைவதால், பெரிய படமோ வரைபடமோ இடைமுறிவின்றி அங்கே இடம்பெறலாம். நடுப்பக்கத்துக்கு இதழ்கள் தரும் சிறப்பிற்கு இத்தகைய தொழில்நுட்ப அடிப்படையும் உண்டு என்பதை மாணவர் தாளை மடித்துப் பார்த்தே உணரலாம்.

3. தலைப்பின் இலக்கணம்

நடந்து முடிந்த நிகழ்ச்சியை நிகழ்கால வினையால் கூறுவது ஆங்கிலச் செய்தித் தலைப்பின் மரபு. அதனை அப்படியே பின்பற்றி ‘நம் பள்ளி கோப்பையை வெல்கிறது’ என்று எழுதினால், தமிழில் அது வழக்கமாக நிகழும் செயலையோ கண்முன் நடந்துகொண்டிருக்கும் செயலையோ குறிக்கும். முடிந்த செய்தியைச் சொல்லத் தமிழ் இதழ்கள் வேறு வழிகளைக் கையாளுகின்றன.

(அ) தொழிற்பெயர் முடிவு: ‘3 பேர் கைது’, ‘தலைமையாசிரியர் பேச்சு’. துணைவினையும் காலமும் விடப்பட்டுப் பெயரே செய்தியைச் சுமக்கிறது. நாளிதழ்களில் மிகுதியாக வருவது இதுவே.

(ஆ) நான்காம் வேற்றுமை அமைப்பு: ‘நம் பள்ளிக்குக் கோப்பை’. பெறுபவர், பெறுபொருள் என்னும் இரண்டே கூறுகளில் வினையின்றிச் செய்தி முடிகிறது.

(இ) எழுவாய் பின்வருதல்: ‘கோப்பை வென்றது நம் பள்ளி’. வினையை இறுதியில் கொள்ளும் இயல்பான சொல்லொழுங்கு மாறி, எழுவாய் அழுத்தம் பெறுகிறது.

(ஈ) முழுமையற்ற தொடர் அல்லது வினா: ‘கோப்பை கிடைத்தது எப்படி?’. செய்தி முன்பே தெரிந்திருக்கும் என்று கொண்டு, அதன் பின்னணியை அறியும் ஆவலைத் தூண்டுவது இதன் பணி. வார இதழ்களுக்கு இது ஏற்றது.

மாணவர் இதழ் நிகழ்ச்சி நடந்து சில வாரங்களுக்குப் பின்னரே வெளிவரும். கோப்பை கிடைத்தது பள்ளி முழுவதும் அறிந்த செய்தி. ஆதலால் முதல் வகைத் தலைப்புகள் இலக்கணப்படி சரியாயினும் மாணவர் இதழின் பணிக்குப் பொருந்துவதில்லை. நான்காம் வகையே மிகுதியும் பொருந்தும். எந்த வெளியீட்டின் மரபை மேற்கொள்வது என்பதை, அது வெளிவரும் கால இடைவெளியும் தீர்மானிக்கிறது.

4. மேற்கோள் சட்டகம்

ஒருவரது பேச்சைப் பதிவுசெய்வதில் தமிழ் நாளிதழ்கள் தமக்கெனத் தனித்த உத்தி ஒன்றை வளர்த்துள்ளன. ‘என்று’ என்னும் மேற்கோள் குறிப்புச் சொல் தமிழில் கூற்றின் இறுதியில் வருவது. பேச்சு பல பத்திகளுக்கு நீளுமாயின், பேசியவர் யார் என்பதை வாசகர் இறுதிவரை நினைவில் தாங்க வேண்டியிருக்கும். இச்சுமையைக் குறைக்க, ‘அவர் பேசியதாவது:’ என்று தொடங்கி, பேச்சினை நேர்கூற்றாகத் தந்து, ‘இவ்வாறு அவர் பேசினார்’ என்று முடிக்கும் சட்டகம் வழக்கிற்கு வந்தது. ‘-ஆவது’ பின்வருவதைச் சுட்டுகிறது; ‘இவ்வாறு’ முன்சென்றதைச் சுட்டுகிறது. இரண்டிற்கும் இடைப்பட்டவை அனைத்தும் பேசியவருக்கே உரியன. ஆங்கிலச் செய்தியிலோ ‘கூறினார்’ என்பதற்கு நிகரான சொல் பத்திதோறும் இடையிடும். அதனை மொழிபெயர்ப்போர் ஒவ்வொரு பத்தியிலும் ‘என்று அவர் கூறினார்’ என முடித்தால் பிழையில்லை. ஆனால் தமிழ் வாசகருக்கு அது அயலான நடையாகவே தோன்றும்.

இச்சட்டகம் சிக்கனமானது. எனினும் அதற்கு ஒரு விலையுண்டு. இரு சொற்றொடர்களுக்கிடையே செய்தியாளர் மறைந்துவிடுகிறார். ஆண்டு விழாவைப் பற்றி எழுதும் மாணவி இச்சட்டகத்தை மேற்கொண்டால் சிறப்பு விருந்தினரின் பேச்சு முழுமையாகப் பதிவாகும். கடைசி வரிசையில் அமர்ந்திருந்தவர்களுக்கு ஒலிபெருக்கி கேட்கவில்லை என்பது பதிவாகாது. அவர் தாம் கண்டதை எழுத வேண்டுமாயின் சட்டகத்தைச் சுருக்கி, நேரடி வருணனைக்கு இடந்தர வேண்டும். விருந்தினரின் கருத்தை விரிவாக அறிய விரும்பினால், தமிழ் வார இதழ்களில் வேரூன்றிய கேள்வி–பதில் வடிவம் அதற்குப் பொருத்தமானது. அதில் கேட்பவரின் குரலும் எஞ்சுகிறது.

5. எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும்

இரட்டை வழக்கு என்னும் கோட்பாட்டைச் சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் விளக்கியபோது முதன்மையாக எடுத்துக்கொண்ட நான்கு மொழிச் சூழல்களில் தமிழ் இல்லை. ஆயினும் அக்கோட்பாடு தமிழுக்கு வெகுவாகப் பொருந்துவதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. இதழ்கள் இந்த இரட்டை வழக்கைப் பகுத்தாளுகின்றன. தலையங்கமும் கட்டுரையும் எழுத்து வழக்கில் அமைகின்றன. சிறுகதையில் கதைசொல்லியின் கூற்று எழுத்து வழக்கிலும் மாந்தரின் உரையாடல் பேச்சு வழக்கிலும் அமைவது பரவலான மரபு. கேலிச்சித்திரத்திலும் நகைச்சுவைத் துணுக்கிலும் பேச்சு வழக்கே ஓங்குகிறது. மறுபுறம், ‘தினத்தந்தி’யை 1942இல் தொடங்கிய சி. பா. ஆதித்தனார், எளிய மக்கள் எழுத்துக்கூட்டிப் படித்தும் விளங்கிக்கொள்ளத்தக்க குறுந்தொடர்களை நாளிதழ் நடையாக்கினார்.

மாணவர் கதையைத் திருத்தும் ஆசிரியர், ‘எங்க போற?’ என்பதை ‘எங்கே போகிறாய்?’ என மாற்றிவிடுவதுண்டு. திருத்தம் நல்லெண்ணத்தோடு செய்யப்படுவதே. ஆனால் பாட்டியும் பேருந்து நடத்துநரும் ஒரே நடையில் பேசும் கதை அதனால் பிறக்கிறது. நடைமுறை இதழின் சிறுகதைப் பக்கத்தைச் சான்றாகக் காட்டி, உரையாடலில் பேச்சு வழக்கு பிழையன்று, மரபே என்பதை மாணவர் நிறுவ இயலும். அதே மாணவர் தலையங்கம் எழுதுகையில் எழுத்து வழக்கிற்கு மாறுவார். எந்த இடத்தில் எவ்வழக்கு என்னும் தெளிவை இலக்கண வகுப்பைவிட இதழ்ப்பணி விரைவாகத் தரக்கூடும்.

6. விகுதியும் மதிப்பும்

கொள்ளத்தக்க மரபுகளைப் போலவே ஆய்ந்து தள்ளத்தக்க மரபுகளும் உள்ளன. தமிழில் படர்க்கை உயர்திணை ஒருமையில் வினைமுற்று எழுதுவோர் -ஆன், -ஆள், -ஆர் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். மதிப்பைச் சொல்லாமல் வினையை முடிக்க இடமில்லை. அமைச்சர் ‘கூறினார்’, குற்றம் சாட்டப்பட்டவன் ‘ஓடினான்’ என்று எழுதுவது நாளிதழ்களில் நெடுங்காலம் வழங்கிய மரபு. வழக்கு மன்றத்தில் தீரும் முன்னரே விகுதி தீர்ப்பளித்துவிடுகிறது.

இம்மரபை அறியாமல் மேற்கொள்ளும் மாணவர் இதழில் தாளாளர் ‘வந்தார்’, தலைமையாசிரியர் ‘வந்தார்’, தோட்ட வேலை செய்பவர் மட்டும் ‘வந்தான்’ என்று அமைந்துவிடக்கூடும். இருபது ஆண்டுகளாக அப்பள்ளியின் மரங்களை வளர்த்த முதியவர் ஒருவர், தம்மைப் பற்றிய நான்கு வரியை யாரோ படித்துக்காட்டக் கேட்கிறார் என்று கொள்வோம். கட்டுரை அவரைப் புகழ்வதற்கே எழுதப்பட்டிருக்கலாம். விகுதி அதனை மறுத்துவிடும். மாணவரைப் பற்றி எழுதும்போதும் இச்சிக்கல் எழுகிறது. பெரியோர் நடத்தும் இதழில் மாணவி பரிசு ‘பெற்றாள்’. மாணவரே நடத்தும் இதழில் அவர் ‘பெற்றார்’ ஆகலாகாதா? இரண்டில் எதைக் கொண்டாலும், கொள்கை முன்னரே வகுக்கப்பட்டு எல்லார்க்கும் ஒரே சீராகப் பின்பற்றப்பட வேண்டும். ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்போர் நாள்தோறும் எதிர்கொள்ளும் முடிவும் இதுவே. மூலத்தில் இல்லாத மதிப்பீடு ஒன்றை இலக்கணம் அவர்களிடம் கேட்டுப் பெறுகிறது.

7. வகுப்பறைச் செயல்முறை

மேற்கூறியவற்றை ஒட்டி ஆசிரியர் குழு பின்வரும் முறையில் செயல்படலாம்.

(1) ஒரு நாளிதழ், ஒரு வார இதழ், ஒரு சிற்றிதழ் ஆகியவற்றைத் திரட்டி, அவற்றில் காணும் உறுப்புகளைப் பட்டியலிடுதல்.

(2) ஒவ்வோர் உறுப்பிற்கும் நேராக அதன் வடிவம், பணி, மொழி அமைப்பு ஆகியவற்றைக் குறித்தல். பணியைக் கூற இயலாத உறுப்பைத் தனியே ஒதுக்கிவைத்தல்.

(3) தம் இதழின் வாசகர் யார், அது எவ்வளவு காலத்திற்கு ஒருமுறை வெளிவரும் என்பவற்றை முதலில் முடிவுசெய்து, அவற்றிற்கேற்ப ஒவ்வொரு மரபையும் கொள்ளுதல், மாற்றுதல், விடுதல் என மூவகைப்படுத்துதல்.

(4) விகுதி, தலைப்பெழுத்து, எண், அயற்சொல் எழுத்துப்பெயர்ப்பு ஆகியவற்றிற்கு ஒரு பக்க நடைக் கையேடு வகுத்தல்.

(5) 16 பக்கங்களுக்கும் மாதிரித் தாள் மடித்து, எழுத்துப் பணி தொடங்கும் முன்னரே இடம் ஒதுக்குதல்.

(6) அடுத்த இதழில் வாசகர் கடிதங்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்குதல்.

மரபைக் கையாளுதல் வேறு, ஆக்கத்தை எடுத்தாளுதல் வேறு என்பதையும் இக்கட்டத்தில் தெளிவுறுத்த வேண்டும். கேள்வி–பதில் என்னும் வடிவம் எவருக்கும் தனியுரிமை அன்று. ஓர் இதழில் வந்த பதிலோ படமோ ஆக்கியவருக்கு உரியது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் காப்பது கருத்தின் வெளிப்பாட்டையே. மாணவர் ஆக்கங்களில் எடுத்தெழுதல் மிகுவதற்கு இவ்வேறுபாடு கற்பிக்கப்படாமையும் ஒரு காரணமாகலாம்.

8. முடிவுரை

இதழ் மரபுகள் ஒரு மொழியின் இலக்கணத்தையும் அதனைப் பேசும் சமூகத்தின் மதிப்பீடுகளையும் ஒருங்கே தாங்கி நிற்கின்றன. வடிவத்தை மட்டும் பின்பற்றும் மாணவர் அம்மதிப்பீடுகளையும் அறியாமலே ஏற்றுக்கொள்கின்றனர். பணியை அறிந்து பின்பற்றுவோர் தெரிவு செய்கின்றனர். தலைப்பில் காலம் வேண்டுமா, பேச்சைச் சட்டகத்துள் அடைப்பதா, பாட்டியைப் பாட்டியாகவே பேசவிடுவதா, தோட்டக்காரருக்கு எவ்விகுதி என்னும் வினாக்கள் இதழின் அழகைப் பற்றியன போலத் தோன்றினும், மொழியைப் பொறுப்போடு கையாளும் பயிற்சியே அவற்றுள் அடங்கியுள்ளது. அம்முதியவரின் பெயருக்குப் பின் வரும் வினைமுற்றைப் பற்றி ஓர் ஆசிரியர் குழு ஒருமுறை விவாதித்து முடிவெடுக்குமாயின், அவ்விதழ் தன் பணியைத் தொடங்கிவிட்டது எனலாம்.