வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள்

புற்றுநோய் முற்றியவர் இரவெல்லாம் கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி முனகுகிறார். டாக்டர் எழுதிக்கொடுத்த மார்ஃபின் அட்டை அலமாரியில் பிரிக்காமலே கிடக்கிறது. "அது அபின்லேர்ந்து எடுக்கிறதாம், பழகிட்டா விட முடியாது" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். பல வீடுகளில் இதுதான் நடக்கிறது.

அபினிலிருந்து எடுப்பது உண்மைதான். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமத்தோடு அபின் தரும் செடியைப் பயிரிடுகிறார்கள். விளையும் நாட்டிலேயே நோயாளிக்கு மருந்து எட்டாமல் போனதற்கு, 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் சட்டமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறிய உரிம விதிகளும் பெரிய காரணம். 2014-ல் சட்டத்தைத் திருத்தி, நாடு முழுவதற்கும் ஒரே விதிக்கு வழி செய்தார்கள். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை இப்போது மார்ஃபினை வாங்கி வைத்து நோயாளிக்குக் கொடுக்கலாம். டாக்டர் சீட்டோடு வாங்கியதை வீட்டில் வைத்திருப்பது குற்றமல்ல. சீட்டை மட்டும் தொலைக்காதீர்கள்.

மார்ஃபின் கொடுத்தால் சாவு நெருங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. வலிக்கு ஏற்ற அளவில் கொடுத்தால் ஆயுளும் குறையாது. நாள்பட எடுத்தால் உடல் பழகும். திடீரென்று நிறுத்தினால் வியர்வை, வயிற்றுப்போக்கு, பதற்றம் வரும். இதைப் போதை அடிமைத்தனம் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். வலி குறைந்தால் டாக்டரே அளவைப் படிப்படியாக இறக்குவார்.

ஆபத்தே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். சாதாரண மார்ஃபின் மாத்திரையைப் பெரும்பாலும் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுப்பார்கள். வலி வரட்டும் என்று காத்திருந்தால் அடக்குவது கஷ்டம். மலச்சிக்கல் அநேகமாக எல்லோருக்கும் வரும், தானாகச் சரியாகாது. மலமிளக்கியையும் கூடவே எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். மதுவோ, டாக்டருக்குத் தெரியாமல் தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடக்கூடும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தட்டி எழுப்பியும் எழாமல், மூச்சு மெதுவாகி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கினால் 108-ஐ அழையுங்கள். வலிக்காகத் தோலில் ஒட்டும் ஃபென்டனில் மருந்துப் பட்டைமேல் வெந்நீர் ஒத்தடம் கூடாது. சூட்டில் மருந்து அதிகமாக உள்ளே இறங்கும். கழற்றிய பட்டையிலும் மருந்து மிச்சமிருக்கும், குழந்தை கையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. மாத்திரையானாலும் பட்டையானாலும் பூட்டித்தான் வைக்க வேண்டும்.

"வலி இருக்கத்தான் செய்யும், பொறுத்துக்கோங்க" என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினால் அதோடு திரும்பிவிடாதீர்கள். வலி 0 முதல் 10 வரை எவ்வளவு, தூங்க முடிகிறதா என்று எழுதிக் காட்டுங்கள். நோய்த்தணிப்புச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். தமிழ்நாட்டில் படுக்கையில் இருப்பவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்தச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். விவரத்துக்கு 104. ஆஸ்பத்திரியில் மார்ஃபின் இல்லை என்றால், எங்கே கிடைக்கும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.