உங்களுக்குத் தெரியுமா? பேபி கார்ன் புழுவோடு போடும் சண்டை!

தாம்பரம் கடைகளில் தட்டில் அடுக்கி பிளாஸ்டிக் தாள் சுற்றி விற்கிறார்களே பேபி கார்ன், அது தனிப் பயிரே இல்லை! சாட்சாத் மக்காச்சோளம்தான். கதிரில் பட்டிழை தலைகாட்டிய 2, 3 நாளில் ஒடித்தால் பேபி கார்ன்!

மக்காச்சோளத்தின் எதிரிகள் அத்தனையும் இதற்கும் எதிரிகள். எல்லாவற்றிலும் பெரிய ரவுடி, அமெரிக்கன் படைப்புழு! 2016-ல் ஆப்பிரிக்காவில் தென்பட்டது. 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்கா. அதே ஆண்டே தமிழ்நாடு!

இதன் அந்துப்பூச்சி ஒரே இரவில் 100 கிலோமீட்டர் பறக்கும்! தாம்பரத்தில் இருட்டியதும் கிளம்பினால் விடிவதற்குள் திண்டிவனம்!

ஒரு பெண் பூச்சி இடும் முட்டைகள் 1,500-க்கும் மேல்!

புழுவின் நெற்றியில் தலைகீழ் 'ஒய்'. வால் பக்கம் சதுரமாக 4 கரும்புள்ளிகள். பசித்தால் உடன்பிறப்பையே தின்றுவிடும்! ஒரு குருத்துக்குள் பெரும்பாலும் ஒரே ஒரு கொழுத்த புழு இருப்பதன் ரகசியம் இதுதான்!

இலையில் ஊசியால் குத்தினாற்போல் வரிசையாக ஓட்டைகளா? அது தண்டுத் துளைப்பான் என்ற இன்னொரு புழுவின் வேலை. இலை சுருண்டு குருத்தாக இருக்கும்போதே ஒரு துளை போடும். இலை விரிந்தால் ஒரு வரிசையே தெரியும்!

பயிர் சும்மா இருக்குமா? இங்கேதான் உச்சகட்ட ஆச்சரியம்! புழு கடித்ததும் மக்காச்சோளம் ஒரு வாசனையைக் காற்றில் விடுகிறது. அதை மோப்பம் பிடித்து ஒட்டுண்ணிக் குளவிகள் பறந்து வந்து புழுவின் உடம்பிலேயே முட்டையிடுகின்றன! 1990-லேயே நிரூபித்துவிட்டார்கள். வெறுமனே கிழித்த இலையில் இந்த வாசனை அவ்வளவாக வராது. புழுவின் எச்சில் பட வேண்டும்!

மண்ணுக்கடியிலும் இதே கதை. வண்டின் புழு வேரைக் கடித்தால், அதைக் கொல்லும் நூற்புழுக்களை வேர் வாசனை விட்டு அழைக்கிறது! அமெரிக்க ரகங்கள் பலவும் இந்தத் திறமையைத் தொலைத்துவிட்டன. மக்காச்சோளத்தின் காட்டு மூதாதையிடம் அது இன்னும் இருக்கிறது!

அமெரிக்காவின் மிசிசிப்பியில் எம்பி 708 என்றொரு மக்காச்சோள வகை உண்டு. புழு கடித்த 1 மணி நேரத்துக்குள் அந்த இடத்தில் ஒரு புரதம் குவிகிறது. தின்ற புழுவின் குடல் சவ்வையே அது அரித்துவிடும்!

2020 டிசம்பரில் சிம்மிட் என்ற சர்வதேச மக்காச்சோள, கோதுமை ஆய்வு நிறுவனம் ஆப்பிரிக்காவுக்காகப் படைப்புழுவைத் தாங்கும் கலப்பின மக்காச்சோளங்களை அறிவித்தது. எத்தனை? 3!

நம்மூரில்? கடைசி உழவில் எக்டேருக்கு 250 கிலோ வேப்பம் புண்ணாக்கு போடுங்கள் என்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். படைப்புழு மண்ணில் கூட்டுப்புழுவாகும்போதே அடி!

செங்கல்பட்டுப் பக்கம் பேபி கார்ன் போடும் திட்டமா? காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம் பக்கத்தில்தான். விதை வாங்கும் முன் எந்த ரகம் புழுவைத் தாங்கும் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்!