மாதச் சம்பளம் கிடையாது, மனிதர்கள்தான் முதல்!
உல்லாஸ்நகரில் ஒரு 'மார்க்கெட்டிங்' ஆலோசகரின் பிழைப்பு

உல்லாஸ்நகர் என்றதும், உல்லாசமாக வாழ்ந்தவர்கள் கட்டிய ஊர் என்று தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறானது. பக்கத்தில் ஓடும் உல்லாஸ் நதியின் பெயரைத்தான் ஊருக்கு வைத்தார்கள். அடிக்கல் நாட்டியவர் ஒரு தமிழர். அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி! 1949-ம் ஆண்டு ஆகஸ்டு 8-ந்தேதி அது நடந்தது.

அதற்கு முன்பு அது கல்யாண் ராணுவ முகாம். இரண்டாம் உலகப்போர் காலத்தில் சிப்பாய்களுக்காகப் போட்ட பாரக்குகள் வரிசையாக நின்றன. 1947-ல் நாடு பிரிந்தபோது, சிந்து மாகாணத்தில் வீடு வாசலை விட்டுவிட்டு வந்தவர்களை அங்கேதான் குடியமர்த்தினார்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். இன்றைக்கும் அந்த ஊரில் விலாசம் சொல்வது 'ஒன்றாம் கேம்ப்', 'இரண்டாம் கேம்ப்' என்றுதான். ஐந்து வரை உண்டு.

கையில் காசில்லை, கடை போட இடமும் இல்லை. பாரக்குக்குள் பெண்கள் அப்பளம் இட்டார்கள். ஆண்கள் அதையும் மிட்டாய், பிஸ்கட்டையும் பையில் போட்டுக்கொண்டு லோக்கல் ரெயில் ஏறினார்கள். பெட்டி பெட்டியாக இறங்கி ஏறி விற்றார்கள். எந்தப் பெட்டியில் எது விலைபோகும், எந்த மணிக்கு எந்த ஜனங்கள் வருவார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. இப்போது பீஸ் கட்டி இரண்டு வருடம் படிக்கிறார்களே, மார்க்கெட்டிங் என்று, அதன் பாதி இதுதான்.

சரக்கு உண்டு, ஆள் இல்லை

அந்தப் பாரக்குகள் இருந்த இடத்தில் இன்று ஜீன்ஸ், ஆயத்த ஆடை, மரச்சாமான், இனிப்புப் பண்டம் என்று சிறு பட்டறைகளும் மொத்தக் கடைகளும் நெருக்கியடித்து நிற்கின்றன. சுமார் 13 சதுர கிலோ மீட்டர்தான் ஊர். 2011-ம் ஆண்டுக் கணக்குப்படி ஜனத்தொகை 5 லட்சத்தைத் தாண்டியது. கஜானந்த் மார்க்கெட்டில் துணி வாங்க மும்பையில் இருந்தும் ஆட்கள் போவது வாசகர்களுக்குத் தெரிந்ததே.

பட்டறை முதலாளிக்குத் தைக்கத் தெரியும், விலை பேசத் தெரியும். ஆனால் வெளியூரில் யாரிடம் விற்பது, எந்தப் பெயரில் விற்பது, எப்போது அனுப்புவது என்று யோசிக்க அவரிடம் தனி இலாகா கிடையாது. மகனும் மருமகனும் கணக்கப்பிள்ளையும்தான் முழு ஆபீஸ். இங்கேதான் தனி ஆளாக மார்க்கெட்டிங் ஆலோசனை சொல்பவருக்குப் பிழைப்பு இருக்கிறது.

தரகர் வேறு, இவர் வேறு. விற்ற சரக்குக்கு நூற்றுக்கு இவ்வளவு என்று வாங்குபவர் தரகர். விற்கும் வழியைச் சொல்லிக் கட்டணம் வாங்குபவர் ஆலோசகர். ஆனால் சேட்டிடம் போய் இந்த வித்தியாசத்தை விளக்குவது லேசான காரியம் அல்ல. "அதெல்லாம் சரி, எத்தனை டஜன் விற்றுத் தருவீர்கள்?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வியாக இருக்கும்.

கறுப்புச் சேலை

அப்படியானால் இதில் தமிழனுக்கு என்ன வேலை?

ஒரே ஓர் உதாரணம் போதும். மராத்தியப் பெண்கள் மகர சங்கராந்தி அன்று கறுப்புச் சேலை கட்டுவார்கள். குளிர் காலத்துக்குக் கறுப்பு இதமானது என்று காரணமும் சொல்வார்கள். ஆகவே டிசம்பர் கடைசியிலேயே கறுப்புத் துணிக்குக் கிராக்கி வந்துவிடும். அதே நாள்தான் நமக்குப் பொங்கல்! நம் ஊரில் பொங்கல் பானைக்கு முன்னால் கறுப்புச் சேலை கட்டிக்கொண்டு ஒரு மருமகள் வந்து நின்றால் மாமியார் என்ன சொல்வார் என்பதை எழுத வேண்டியதில்லை.

இங்கே நன்றாக ஓடுகிறதே என்று அதே சரக்கை மதுரைக்கும் நெல்லைக்கும் பொங்கலுக்கு அனுப்பினால், மூட்டை பிரிக்காமலே திரும்பி வரும். போக வர லாரி வாடகை சேட்டின் தலையில். இதை முன்கூட்டியே சொல்லித் தடுப்பவருக்குக் கொடுக்கும் கட்டணம், அந்த வாடகையோடு ஒப்பிட்டால் சொற்பம்.

ஆடி மாதமும் அப்படித்தான். தமிழ்நாட்டில் ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆனால் ஆடித் தள்ளுபடி என்று கடைகளில் கூட்டம் அலைமோதும். கல்யாணச் சரக்கை அப்போது அனுப்புவது வீண். மலிவுச் சரக்கை அனுப்பாமல் விடுவது அதைவிட வீண். தாராவியிலும் மாட்டுங்காவிலும் வீட்டுக்கு வீடு பாட்டிகளுக்குத் தெரிந்த விஷயம் இது. சேட்டுக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்ததற்கு ஒரு விலை உண்டு என்பது நம்மவர்களுக்கே தெரிவதில்லை.

ரெயில் சிநேகம்

சயானில் காலை 9 மணிக்கு வண்டி ஏறுகிறவருக்கு ஒரு சவுகரியம். கூட்டமெல்லாம் கோட்டைப் பக்கம் போக, இவர் எதிர்த்திசையில் போகிறார். உட்கார இடம் கிடைக்கும். கல்யாணில் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்றாம் கேம்ப் என்றால் டிட்வாலா பக்கம் போகும் வண்டியில் ஷஹாட். மற்றவற்றுக்குப் பெரும்பாலும் அம்பர்நாத் வண்டி. தப்பான வண்டி ஏறினால் காலைப் பொழுது போய்விடும். காலையில் கடை திறந்து ஊதுவத்தி ஏற்றும் நேரத்தில் தொந்தரவு செய்யவும் கூடாது. போணி ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டும்.

முதல் பத்து சந்திப்பில் வியாபாரப் பேச்சே வராது. டீ வரும். "சாயீ" என்று மரியாதையாகக் கூப்பிடத் தெரிந்தால் இரண்டாவது டீயும் வரும். சேட்டி சண்டு அன்று, அதாவது சிந்திக்காரர்களின் வருடப் பிறப்பன்று, போய் வாழ்த்துச் சொன்னால் முகம் மலரும். நம்மவர்களில் பலர் இருபது வருடம் மும்பையில் இருந்தும் சிந்திக்காரர் வீட்டு விசேஷம் எது என்று அறியாமல் இருப்பது வருத்தமான விஷயம். சங்கம், கோவில், கல்யாணம் எல்லாமே நமக்குள்தான். நம் சங்கத்தில் இருக்கும் டிரான்ஸ்போர்ட்காரர், பாங்கு குமாஸ்தா, அச்சகக்காரர் ஆகியோரைச் சேட்டுக்கு அறிமுகம் செய்து வைப்பவரை அந்தச் சேட் நாலு சேட்டுகளிடம் சொல்வார். இந்தத் தொழிலில் விளம்பரம் அதுதான். கேட்பதற்கு முன்னால் ஒரு உதவி செய்திருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று. யாரையும் அறிமுகம் செய்யும் முன் அவர் பாக்கி வைக்காதவர்தானா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். அவர் ஏமாற்றினால் சேட் தேடி வருவது அவரை அல்ல, அழைத்து வந்தவரை.

'யு.எஸ்.ஏ.' ஆபத்து

உல்லாஸ்நகரில் 'மேட் இன் யு.எஸ்.ஏ.' என்றால் உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன் என்று வேடிக்கையாகச் சொல்வது உண்டு. வேடிக்கை பழையது, ஆபத்து புதிதல்ல. பிரபல கம்பெனி முத்திரையைப் போட்டு விற்க யோசனை கேட்கும் பட்டறைக்காரர் யாராவது வந்தால், ஆலோசகர் எழுந்து வந்துவிட வேண்டும். 1999-ம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டப்படி அதற்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை ஜெயில் உண்டு.

பாக்கி வசூல்

உண்மையான சோதனை இங்கேதான். வேலை முடிந்ததும் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்ற பதில் வரும். அடுத்த வாரம் சேட் சூரத்தில் இருப்பார். டீக்கு நடுவே சொன்ன யோசனைக்குக் கட்டணம் கேட்க நம் ஆளுக்குக் கூச்சம். பழகிய தோஷம். வீட்டிலோ பள்ளிக்கூடச் சம்பளம், பால், வாடகை எல்லாம் தேதி தவறாமல் வந்து நிற்கும்.

வாயளவில் பேசாமல், என்ன வேலை, என்ன தொகை, எந்தத் தேதி என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவது உத்தமம். பாதிப் பணம் முன்னதாக. அத்துடன் மத்திய அரசின் 'உத்யம்' பதிவையும் செய்துகொள்ளலாம். 2020-ம் ஆண்டு ஜூலையில் தொடங்கிய இந்தப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்பவர் இடைத்தரகர். 2006-ம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு செய்த சிறு சேவைத் தொழிலுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி வட்டி வீதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. கேட்டு வாங்க மாநில அளவில் குழுவும் உண்டு. பழகிய சேட் மீது புகார் கொடுக்க எவருக்கும் மனம் வராது. ஆனால் பில்லின் அடியில் பதிவு எண்ணை அச்சடித்திருந்தால், ஞாபக மறதி கொஞ்சம் குறையும்.

வேலையை விடலாமா?

குமாஸ்தா வேலையில் இருப்பவர்கள் கேட்கும் கேள்வி இது. ஆர்.கே.சுவாமி விளம்பரக் கம்பெனி ஒன்றில் பல வருடம் வேலை பார்த்து, ஏறத்தாழ 50 வயதில், 1973-ல்தான் சென்னையில் சொந்த நிறுவனம் தொடங்கினார். அதற்குள் அவருக்குத் தொழிலில் தெரியாதவர் இல்லை. அந்தப் பழக்கம் இல்லாமல் வைராக்கியத்தை மட்டும் நம்பி ராஜினாமா எழுதுவது வீட்டாரைப் பட்டினி போடும் வேலை. ஆறு மாதச் செலவுக்குப் பணமும், மூன்று சேட்டுகளாவது மாதக் கட்டணத்துக்குச் சம்மதித்த காகிதமும் கையில் இருக்கட்டும். அதுவரை சனி, ஞாயிறு போதும்.

மூன்று சேட்டும் ஒரே சரக்குக்காரராக இருக்கவும் கூடாது. உல்லாஸ்நகரில் ஜீன்ஸ் சலவைப் பட்டறைகளின் சாயக்கழிவு வால்துனி நதியில் கலந்த வழக்கில், 2010-களில் பல பட்டறைகள் மூடப்பட்டன. நதிக்கு அது நல்லது. ஜீன்ஸை மட்டும் நம்பி இருந்தவர்களுக்கு வரும்படி நின்றது.

சாயங்காலம் திரும்பும் வண்டியிலும் இடம் கிடைக்கும். அந்த ஒன்றேகால் மணி நேரத்தில், அன்று சந்தித்தவர் பெயர், அவர் பிள்ளைக்கு எப்போது பரீட்சை, யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தோம், யார் எவ்வளவு பாக்கி என்று நோட்டில் எழுதி முடித்துவிடலாம். சயான் வரும்போது கடைசி வரி மட்டும் பெரும்பாலும் பாக்கி இருக்கும். வீட்டில் கேட்கப்போவது அந்த வரியைத்தான்.