காந்தமா, காலை வெயிலா?

போன மாதம் ஒரு விற்பனையாளர் மண்ணூர்பேட்டையில் என் வீட்டுக்கே வந்துவிட்டார். "சார், இந்தக் காந்தத்தை ஜீவாமிர்த டிரம்முல கட்டுங்க. நுண்ணுயிர் பல மடங்கு பெருகும். ரஷ்யாவுல நிரூபிச்சிருக்காங்க" என்றார். விலை 18,000 ரூபாய். எங்கள் உழவர் குழுவில் 12 பேர். நான் சரி என்றால் எல்லோரும் வாங்கிவிடுவார்கள். வங்கியில் கடன் விண்ணப்பங்களைத் துருவிப் பார்த்த பழக்கம் போகுமா? "ரெண்டு வாரம் வச்சுட்டுப் போங்க" என்றேன்.

திருவள்ளூர் பக்கம் இருக்கும் எங்கள் வயலில் 200 லிட்டர் டிரம் இரண்டு வைத்தேன். இரண்டிலும் 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி வரப்பு மண். ஒன்றில் மட்டும் காந்தம். மறுநாள் காந்த டிரம்மில் நுரை பொங்கி நின்றது. நானே நம்பிவிட்டேன்!

வேலைக்கு வரும் பெரியம்மா சிரித்தார். "ஐயா, அந்த டிரம்முல காலையில வெயில் அடிக்குது. இன்னொண்ணு வேப்ப மர நிழல்ல நிக்குது."

அடுத்த முறை காந்தத்தை நிழல் டிரம்முக்கு மாற்றினேன். நுரை வெயில் டிரம்மில்தான் முந்தி வந்தது. நுரையை வைத்து நுண்ணுயிரை எண்ண முடியாது என்பதும் அப்போதுதான் உறைத்தது.

அப்படியானால் ரஷ்ய ஆய்வு பொய்யா? இல்லை. மெக்னீசியத்தில் 24, 25, 26 என்று மூன்று ஐசோடோப்புகள் உண்டு. தனிமம் ஒன்றுதான், எடைதான் வேறு. ஆனால் 25க்கு மட்டும் அணுக்கருவே ஒரு குட்டிக் காந்தம். ஈ.கோலை பாக்டீரியாவை மூன்றிலும் தனித்தனியே வளர்த்தபோது, 25 கிடைத்தவை புது ஊடகத்துக்குச் சீக்கிரம் பழகிப் பெருகின. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி உருவாக மெக்னீசியம் வேண்டும். அந்த இடத்தில்தான் குட்டிக் காந்தம் வேலை செய்கிறது என்பது அவர்கள் விளக்கம்.

ஆனால் அங்கே இருந்தது பிரித்தெடுத்த மெக்னீசியம், ஒரே வகை பாக்டீரியா. நம் சாணத்திலும் மண்ணிலும் உள்ள மெக்னீசியத்தில் 25 சுமார் 10 சதவீதம்தான். துத்தநாகத்திலும் காந்த அணுக்கரு கொண்ட 67 சுமார் 4 சதவீதமே. ஆய்வகம் சொன்னது ஒன்று, நம்மிடம் விற்க வந்தது வேறு.

காந்தத்தைத் திருப்பிக் கொடுத்தோம். குழுவுக்கு 2,16,000 ரூபாய் மிச்சம். நண்பர்களே, யார் எதைக் கொண்டு வந்தாலும் இரண்டு டிரம் வையுங்கள். மறக்காமல் இடத்தையும் மாற்றிப் பாருங்கள்.