வேதிப் பொறியியல் முதுகலை: எதைப் பார்த்துத் தேர்வது?

2015 சனவரி இறுதியில் இராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கசடில் புதைந்து இறந்தனர், பெரும்பாலோர் வெளிமாநிலத்தவர். எவ்வளவு கசடு சேரும், எங்கே தேங்கும், தாங்காதபோது எந்தப் பக்கம் பாயும், அங்கே யார் இருப்பார் என்பவை ஆலை எழும்புமுன் வரைபட மேசையில் கேட்கப்பட வேண்டிய கேள்விகள். அந்த மேசைக்குச் செல்லும் வழிகளுள் ஒன்றுதான் செயல்முறை வடிவமைப்பில் முதுகலைப் படிப்பு.

நம் மாணவர்கள் பலர் நிறுவனத்தின் தரவரிசையை மட்டுமே பார்த்துத் தேர்கின்றனர். பாடத்திட்டத்தையும் பார்க்க வேண்டும் என்கிறோம். பொருள் சமநிலை, ஆற்றல் சமநிலை, வெப்ப ஒருங்கிணைப்பு, பிரிப்புக் கோபுரங்கள் ஆகியவை பெரும்பாலும் இருக்கும். 'ஹசாப்' எனப்படும் இடர் ஆய்வு கட்டாயப் பாடமா, விருப்பப் பாடமா என்பதே நாம் முதலில் தேட வேண்டியது. ஒவ்வொரு குழாயையும் எடுத்துக்கொண்டு, ஓட்டம் நின்றால் என்ன, திசை திரும்பினால் என்ன, அழுத்தம் ஏறினால் என்ன என்று வரிசையாகக் கேட்கும் முறை அது. ஆஸ்பென் போன்ற மென்பொருளை வேலையிலும் கற்றுக்கொள்ளலாம். இந்தக் கேள்விப் பழக்கத்தை வேலை கொடுப்பவர் கற்றுத்தருவார் என்று நம்பியிருக்க முடியாது.

அடுத்தது, சேர்க்கையைத் தீர்மானிப்பது எது என்பது. பாடவழி எம்.டெக். இடங்கள் பெரும்பாலும் கேட் மதிப்பெண்ணைக் கொண்டே நிரப்பப்படுகின்றன. ஆய்வுவழி எம்.எஸ். படிப்புகளில் நேர்காணலுக்கு எடை அதிகம். குடும்பப் பெயரும் பேச்சுவழக்கும் எடைபோடப்படும் அறைகள் எப்படிப்பட்டவை என்பதை நாம் அறிவோம். அதற்காக ஆய்வை விட்டுவிடச் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் நம்பி விண்ணப்பிக்க வேண்டாம் என்கிறோம்.

பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்குக் கேட் தகுதி வரம்பு பொதுப் பிரிவினதில் மூன்றில் இரண்டு பங்கு. விண்ணப்பக் கட்டணம் பாதி. தகுதி பெற்று முழுநேர எம்.டெக். இடத்தில் சேர்வோருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. அது தாமதமாக வந்தால் விடுதிக் கட்டணத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதை அங்கே பயிலும் நம் மூத்த மாணவர்களிடம் கேட்டறிவது நல்லது. வழிகாட்டிப் பேராசிரியர் எவ்வாறு ஒதுக்கப்படுகிறார் என்பதையும் அவர்களே சொல்வார்கள். கேட் மதிப்பெண் 3 ஆண்டுகளுக்குச் செல்லும். முதல் ஆண்டில் விரும்பிய இடம் கிடைக்காவிடில், கடன் வாங்கித் தனியார் கல்லூரியின் கட்டண இடத்துக்கு ஓட வேண்டிய அவசரம் இல்லை.