மலாக்கா ஆற்றங்கரையில் ஒரு நாள்

சென்ற பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு மலாக்கா சென்றிருந்தேன். ஆற்றில் படகுச் சவாரி முடித்து, ஜாலான் துக்காங் ஏமாஸ் சாலையிலுள்ள ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயத்தில் அர்ச்சனை செய்தோம்.

டச்சுக்காரர் ஆட்சியில், 1781-ஆம் ஆண்டு, மலாக்கா செட்டி சமூகத்தார் எழுப்பிய ஆலயம் இது. அதே சாலையில் 1748-இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசல். சற்றுத் தள்ளி செங் ஹூன் தெங் சீனக் கோயில். மூன்று சமயத்தாரும் அண்டை வீட்டாராய் வாழ்ந்த இடம்.

மலாய் சுல்தான்கள் காலத்தில் வாணிபத்திற்கு வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கிய தமிழ் வணிகரின் வழிவந்தோரே மலாக்கா செட்டிகள். நாளடைவில் வீட்டு மொழி மலாயானது. ஆயினும் இந்து சமயத்தை அவர்கள் கைவிடவில்லை. அந்தப் பக்தியை வணங்குகிறேன்.

"தமிழ் தெரியாம சாமிகிட்ட எப்படிப் பேசுவாங்க, தாத்தா?" என்றாள் பேத்தி. "மனம் பேசினால் போதும், அம்மா" என்றேன். ஆனால் கோபுரத்தில் எழுதியிருந்த ஆலயப் பெயரை அவளால் எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்க முடியவில்லை. தமிழாசிரியனாய் இருந்து ஓய்வு பெற்றவன் நான், தலை குனிந்தேன்.

அன்பர்களே, திருப்பணிக்கு வாரி வழங்கும் நாம், நம் பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்கும் தேவார வகுப்புக்கும் தவறாமல் அனுப்புவோம். என் பேத்தி இப்போது வருகிறாள்.