எல்லாக் கோப்பும் ஒரே மேசையில்

1994-இல் கோவா சட்டமன்றத்தின் 40 இடங்களில் பா.ஜ.க. பிடித்தவை நான்கு. அதற்கு முன் அங்கே அந்தக் கட்சிக்கு ஒருவர்கூட இல்லை. பனாஜியில் வென்றவர் மனோகர் பாரிக்கர், மும்பை ஐ.ஐ.டி.யில் உலோகவியல் படித்து 1978-இல் வெளிவந்தவர். 2000 அக்டோபரில் முதல்வரானார், ஐ.ஐ.டி.யில் படித்த ஒருவர் இந்திய மாநிலம் ஒன்றின் முதல்வரானது அதுவே முதல்முறை.

கணக்குப் போட்டுத் தீர்க்கக்கூடிய வேலை என்றால் அவருக்கு நிகரில்லை. 2004-இல் சர்வதேசத் திரைப்பட விழா கோவாவுக்கு வந்தபோது பனாஜியில் அரங்குகளும் சாலைகளும் குறுகிய காலத்தில் எழுந்தன. வேலை நடக்கும் இடத்துக்கு அவரே போய் நின்றார். 2012-இல் மீண்டும் முதல்வரானதும் பெட்ரோல் மீதான வாட் வரியை 20 விழுக்காட்டிலிருந்து 0.1 ஆக்கினார். லிட்டருக்கு ஏறக்குறைய 11 ரூபாய் குறைந்தது. (அந்த வரி பின்னாளில் மெல்ல மெல்லத் திரும்ப ஏறிவிட்டது.)

இரும்புத்தாதுச் சுரங்கம் அப்படிக் கணக்குக்கு அடங்கவில்லை. எதிர்க்கட்சித் தலைவராக முறைகேடுகளை அம்பலப்படுத்தியவர், 2012 செப்டம்பரில் முதல்வராகச் சுரங்கப் பணியை நிறுத்தினார். அது நேர்மையான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் லாரியும் படகும் ஓட்டிப் பிழைத்தவர்கள் தவித்தார்கள். பின்னர் அரசு புதுப்பித்துக் கொடுத்த 88 குத்தகைகளை 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

அதே மாதம் அவருக்குக் கணையப் புற்றுநோய் தெரியவந்தது. பெரிய துறைகள் பலவும் அவரிடமே இருந்தன. அமைச்சரவை அவர் வீட்டில் கூடியது. கோப்புகள் காத்துக் கிடந்தன. 2019 ஜனவரியில் மூக்கில் குழாயோடு மாண்டவி ஆற்றின் புதிய பாலத் திறப்புக்கு வந்தார், மூன்றாம் நாள் பட்ஜெட்டும் வாசித்தார். அந்த மனவுறுதியை வணங்குகிறேன். ஆனால் பொறுப்பைப் பகிர்ந்து பழக்கியிருந்தால் அந்த உடம்பு அவ்வளவு சுமந்திருக்க வேண்டியதில்லை. மார்ச் 17-இல் மறைந்தார்.

இரண்டே மாதத்தில், கால் நூற்றாண்டாகக் கட்சி காத்த பனாஜியைக் காங்கிரஸின் அட்டனாசியோ மான்சரேட் பிடித்தார். சில வாரங்களில் பா.ஜ.க.வுக்கே தாவினார். 2022-இல் பாரிக்கரின் மகன் உத்பல் அந்தத் தொகுதியைக் கேட்டார். கட்சி மான்சரேட்டையே நிறுத்தியது. உத்பல் சுயேச்சையாக நின்று, சில நூறு வாக்குகளில் தோற்றார்.